தலை அலசிக் கற்ற இங்கிலீஷ்

சின்னக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கல்லூரியில் அந்தத் தாளில் நல்ல மதிப்பெண். கடைக்கு வரும் கடிதங்களுக்கு அவள்தான் பதில் எழுதுவாள், ஒரு காற்புள்ளிகூட இடம் மாறியிருக்காது. ஆனால் எதிரே ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் சின்னக்கா. அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி அவளைவிட இருபது வயது பெரியவர், அவரும் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார். காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காலை வளைத்துப் பொருத்துவதில் அவளுக்குத் தனிக் கைராசி. மூக்கில் தழும்பு விழாது, குனிந்தால் நழுவாது.

ஒருமுறை முதலாளி வெளியே போயிருந்த நேரத்தில், ஃபிரேம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசாதவர். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ஏதோ கேட்டார். அவள் "யெஸ்" என்றாள். இன்னொன்று கேட்டார். அதற்கும் "யெஸ்". அடுத்த மாதம் கடை வாசலில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. அத்தனையும் சிறுபிள்ளைகளுக்கான மஞ்சள் ஃபிரேம். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அந்தச் சிரிப்புதான் உறுத்தியது.

பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து பார்த்தாள். ஆளுக்கு ஆள் தப்பைப் பரிமாறிக்கொண்டதுதான் மிச்சம். அப்போதுதான் வெளிநாட்டில் இருந்த பெரியம்மா மகள் போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் ஓட்டல் சலவைக்கூடத்தில் கூட்டம் கூடும் பருவத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்களாம். தங்க அவளுடைய அறையிலேயே இடமும் இருந்தது. சுற்றிலும் இங்கிலீஷ் பேசுகிற ஊர்.

செய்தி கேட்டதும் நாத்தனார் மூக்கில் விரலை வைத்தாள்.

"பேசக் கத்துக்கறதுக்குப் பிளேன் ஏறிப் போறவள இப்பத்தான் பாக்கறேன். டிவியப் போட்டா நாள் பூரா அதுவே பேசுதே!"

"அது பேசும் அண்ணி, நான் பேச வேணாமா?" என்றாள் சின்னக்கா.

கணவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். அதிகம் பேசமாட்டார். "போயிட்டு வா. நானும் பாப்பாவும் சமாளிச்சுக்கறோம்" என்றார். ஆறாவது படிக்கும் பாப்பா, வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று அன்றைக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

போய் இறங்கிய இடத்தில் ஒரு சலூன், அதன் மாடியில் அறை. நான்கு பெண்கள், நான்கு கட்டில், ஒரே அடுப்பு. முறை வைத்துச் சமைத்தார்கள். சலவைக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். குளிருக்கு ஒரு பழைய கோட்டு வாங்கினாள். பொத்தான் எதிர்ப்பக்கம் இருந்தது. ஆண்கள் கோட்டு என்று பெரியம்மா மகள் சொல்லித்தான் தெரிந்தது. குளிருக்கு ஆணென்ன பெண்ணென்ன என்று அதையே போட்டுக்கொண்டாள்.

எல்லாம் சரியாக அமைந்தது, இங்கிலீஷைத் தவிர. அறையில் நான்கு பேரும் தமிழ். சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவர்கள், இஸ்திரி உருளையில் துணி விடுகிறவர்கள், மேற்பார்வைக்காரர் எல்லோரும் தமிழ். என்ன, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வட்டாரம். ஒரு மாதம் கழித்துக் கணவர் போனில் கேட்டார்.

"என்ன, உன் தமிழ் ஒரு மாதிரி ஆயிடுச்சே?"

சின்னக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடல் தாண்டி வந்து வேற்று வட்டாரத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள்!

சலவைக்கூட வேலை மதியத்தோடு முடிந்துவிடும். ஒரு நாள் படியேறும்போது கீழே சலூன் கண்ணாடியில் ஒரு அட்டை தொங்குவதைப் பார்த்தாள். மதியத்தில் தலை அலசிவிட ஆள் தேவை. இரண்டாவதாக ஒரு வேலை பார்க்க அனுமதி உண்டா என்று பெரியம்மா மகளிடம் விசாரித்துக்கொண்டு, மறுநாள் உள்ளே நுழைந்தாள். சலூன்காரம்மா வாட்டசாட்டமான ஆள். கையில் சீப்போடு வேகமாக ஏதோ கேட்டாள்.

"யெஸ்" என்றாள் சின்னக்கா.

"எப்போதிலிருந்து வருகிறாய் என்று கேட்டேன்."

"யெஸ்."

சலூன்காரம்மா வயிறு குலுங்கச் சிரித்து, ஒரு ஏப்ரனை எடுத்து அவள் மேல் வீசினாள். அதுதான் நேர்காணல்.

வாடிக்கையாளர்கள் சாய்நாற்காலியில் மல்லாந்து, பேசினுக்குள் தலையை வைப்பார்கள். சின்னக்கா பின்னால் நிற்பாள். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்ப்பாள், கழுத்துக்கடியில் துண்டு வைப்பாள், நுரை காதில் இறங்காமல் ஒரு கையால் அணை கட்டிக்கொண்டு மறு கையால் தேய்ப்பாள். கண்ணாடிக் காலைப் பொருத்திப் பழகிய விரல்களுக்குக் காதோரத்து வலி எங்கே தங்கும் என்று தெரியும். தேய்க்கத் தேய்க்க அவர்கள் கண்ணை மூடுவார்கள், வாயைத் திறப்பார்கள். மருமகன், நாய், முழங்கால் வலி, மாடி வீட்டுச் சத்தம் என்று அருவியாகக் கொட்டும்.

சில நாளில் அவள் ஒன்றைக் கவனித்தாள். இந்த இடத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாக்கும் ஒட்டிக்கொள்ளவில்லை. முதலில் "சூடு போதுமா?" என்று கேட்டாள். பிறகு "முழங்கால் இப்போ எப்படி?" என்றாள். மூடிய கண்களுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது! அன்று அந்த அம்மாள் தலையைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டாள்.

வாரம் தவறாமல் வருகிறவர்களில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்னக்கா வயதுதான் இருக்கும். மாடி அறையில் அவளுக்கு வைத்த பெயர் கியரம்மா. கியரம்மாவுக்கும் அவள் தங்கைக்கும் சண்டை. காரணம் ஒரு சோபா. அதை அம்மாவுக்கென்று தங்கைதான் வாங்கிக் கொடுத்திருந்தாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது கியரம்மா. அம்மா போன பிறகு, தங்கை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், கியரம்மா ஆள் வைத்து சோபாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இதை ஒரே நாளில் சொல்லவில்லை. வாரம் கொஞ்சமாக வந்தது, அதுவும் சுவாரசியமான இடத்தில் தலை அலசி முடிந்துவிடும்.

ஒருநாள் தங்கை கதவைத் தட்டிய கட்டத்தில் கியரம்மா பெருமூச்சு விட்டு நிறுத்தினாள்.

"அப்புறம் அவ என்ன சொன்னா?" என்று சின்னக்கா இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். தமிழில் யோசிக்கவில்லை, மனதுக்குள் ஒத்திகை பார்க்கவில்லை. கேட்ட பிறகுதான் தான் கேட்டதே அவளுக்கு உறைத்தது.

அறைக்கு வந்து ஒவ்வொரு வாரமும் கதையைச் சொல்வாள். நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி நின்று வாதாடுவார்கள்.

"பாத்துக்கிட்டவளுக்குத்தான் சோபா" என்பாள் பெரியம்மா மகள்.

"ஆஸ்பத்திரில கெடக்கும்போதா தூக்கறது? ஒரு வார்த்த கேக்கக் கூடாது?" என்பாள் சின்னக்கா.

அடுத்த முறை கியரம்மா வந்து மல்லாந்தாள். "நீயே சொல். என்மேல் என்ன தப்பு?" என்றாள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். எல்லோரும் உன்மேல் தப்பே இல்லை என்று சொல்லித் தட்டிக்கொடுப்பார்கள்.

சின்னக்காவின் கை தலையில் நின்றது. "உங்கமேலதான் தப்பு" என்றாள்.

கியரம்மா கண்ணைத் திறந்தாள். தலைகீழாகக் கிடந்தபடி, நுரைக்கு நடுவிலிருந்து சின்னக்காவை நேராகப் பார்த்தாள். "என்ன சொன்னாய்?"

ஹேர் டிரையர் நின்றது. சலூன்காரம்மா கத்திரியோடு திரும்பினாள். சாரி என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும். அந்தச் சொல் வாயருகே வந்துகூட நின்றது. பழைய பயம் நாக்கைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

"சோபா தங்கச்சி வாங்கினது. அவங்க ஆஸ்பத்திரில இருந்தாங்க. நீங்க கேக்கல. எடுத்தீங்க. அது தப்பு."

இந்த இங்கிலீஷில் இலக்கணம் தப்பியிருக்கலாம். புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கியரம்மா ஈரத் தலையோடு எழுந்து, துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

"நல்ல வாடிக்கையாளர்" என்று மட்டும் சொன்னாள் சலூன்காரம்மா. சின்னக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "உன்ன யாரு பஞ்சாயத்து பண்ணச் சொன்னது?" என்று பெரியம்மா மகள் வேறு பிடித்துக்கொண்டாள். மறுவாரம் கியரம்மா வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள், கூட இன்னொரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு. அதே மூக்கு, அதே நடை. சின்னக்காவைக் காட்டித் தங்கையிடம் சொன்னாள்: "இவள்தான். உன் கட்சி."

சோபா திரும்பிப் போய்விட்டதாம். தங்கைக்கு அதை வைக்க வீட்டில் இடமில்லையாம். அக்கா வாய் திறந்து மன்னிப்புக் கேட்டதே போதும் என்று அழுதாளாம். அன்று அக்கா தலையையும் தங்கை தலையையும் சின்னக்காதான் அலசினாள். இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பேசினில் படுத்து ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டும் அவளுக்குப் புரிந்தது.

பருவம் முடிந்து அவள் திரும்பினாள். பாப்பா கேட்டதில் பாதி வாங்கி வந்திருந்தாள், மீதிக்குச் சாக்குச் சொன்னாள், இரண்டும் எடுபட்டது. கடையில் வெளியூர்க் கம்பெனிகளோடு பேசுவது இப்போது அவள் பொறுப்பு. வங்கிக்காரர்கள் பேசும் இங்கிலீஷ் இன்னமும் முழுதாகப் பிடிபடாது. பொடுகு, மருமகன், முழங்கால் என்றால் எந்த ஊர்க்காரரோடும் மணிக்கணக்கில் பேசுவாள். புரியாவிட்டால், "புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுகிறாள்.

சலூனிலிருந்து ஒரு வழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அங்கே யாரைப் பார்த்தாலும் டார்லிங்தான். வந்த முதல் வாரம், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். "சிட் டவுன், டார்லிங்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலாளிக்குப் புரை ஏறியது. நீதிபதி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார்.

கடையில் அந்தப் பழக்கத்தைப் படாதபாடுபட்டு விட்டுவிட்டாள். வீட்டில் இன்னும் விடவில்லை. "இதென்னடி கூத்து" என்று நாத்தனார் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்கிறாள். வயரிங்காரர் ஒன்றும் சொல்வதில்லை. கூப்பிட்டால் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறார்.