பெங்களூரில் இறங்கிய தாய்மாமன்

போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. எங்க திருவண்ணாமலையில ஒரு சின்ன மண்டபத்துல என் பொண்ணுக்குக் காதுகுத்து. மொட்டை அடிச்சு சந்தனமும் பூசியாச்சு, தாய்மாமன் மட்டும் வரல.

என் தம்பி ஐதராபாத்துல ஏ.சி. மெக்கானிக். சனிக்கிழமை லீவு கிடைக்கலன்னு, வாழ்க்கையிலேயே முதல் தடவையா பிளேன் டிக்கெட் போட்டிருந்தான். சென்னைக்கு ஆகாசத்துல ஒரு மணி நேரம்தான், அங்கேருந்து கார்ல வந்துடுவேன்னு ஒரே அலட்டல்.

அன்னிக்குப் பார்த்து சென்னையில பேய்மழை. பிளேனை இறக்க முடியாம பெங்களூருக்குக் கொண்டுபோயிட்டாங்க. அழாத குறையா போன் பண்ணினான். மழை விட்டதும் மறுபடி சென்னைக்கே கொண்டுபோவாங்களாம், எப்போன்னு தெரியாதாம்.

"மாமன் முறையில யார் மடியிலயாவது உட்கார வெச்சு குத்திடலாம்மா, பத்தர் எவ்ளோ நேரம் காத்திருப்பாரு?"ன்னாங்க என் மாமியார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல. பொறந்த வீடுன்னு சொல்லிக்க எனக்கு அவன் ஒருத்தன்தான். அவன் மடியில உட்காராம என் பொண்ணுக்குக் காது குத்தக்கூடாதுன்னு அடம்பிடிச்சேன்.

அப்பதான் பொறி தட்டுச்சு. எங்க ஊர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நட்ட நடுவுலதானே இருக்கு! ரோட்டுல எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம். இவன் எதுக்கு மறுபடி சென்னைக்குப் போகணும்? "டேய், பிளேன்காரங்ககிட்ட கெஞ்சிக் கேட்டு அங்கேயே இறங்கிடு. கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறு, நான் வரேன்"னேன். கொஞ்ச நேரத்துல, இறங்க விட்டுட்டாங்கன்னு போன் பண்ணினான்.

சாயங்காலம் நாலரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னாடி வந்தா போதும்னாரு ஐயர். வாடகைக்குப் பேசின கார் சென்னை ஏர்போர்ட்டுல நனைஞ்சுக்கிட்டு இருக்கு. மிச்சம் என் கார்தான். வேங்கிக்கால்ல இருக்கற ஆபீசுக்கு தினம் ஓட்டிட்டுப் போறேனே தவிர, செங்கத்தைத் தாண்டினதே இல்ல. என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. மொட்டைத்தலைக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு சாவியை நீட்டினாரு. "நீ போய்ட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்"னாரு.

பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. குழந்தையோட அம்மாவே மண்டபத்தை விட்டுட்டு கார் ஓட்டிட்டுப் போறாளேன்னு சொந்தமெல்லாம் வாயைப் பொளந்துச்சு. பார்க்கட்டும்! ஊத்தங்கரைகிட்ட வரிசையா லாரிங்க. ஹாரன் அடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா ஓவர்டேக் பண்ணினேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வாசல்ல பையோட நின்ன தம்பி, டிரைவர் சீட்டுல என்னைப் பார்த்ததும், "அக்கா, நீயேவா ஓட்டிட்டு வந்த!"ன்னு கண் கலங்கிட்டான். தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் அந்தப் பையிலயே பத்திரமா இருந்துச்சு.

ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே மண்டபத்துக்குள்ள நுழைஞ்சோம். தாம்பாளத்துல சீர் வெச்சுட்டு அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மாமன் மடியில என் பொண்ணு ஊரே கேக்கற மாதிரி கத்தினா. நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே அழுதேன்.

அன்னிக்கு அவசரப்பட்ட மாமியார்தான் இப்போ வர்றவங்ககிட்டயெல்லாம், "எங்க மருமவ பட்டுப்புடவையோட கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டி ஓட்டினா தெரியுமா?"ன்னு பீத்திக்கறாங்க. அதைக் கேட்டுக்கிட்டே நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துக்குவேன்.

அம்மா அப்பா போனதோட பொறந்த வீடும் எட்டாத தூரத்துக்குப் போயிடுச்சுன்னு எத்தனையோ தடவை அழுதிருக்கேன். நானே வண்டி எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வர்ற தூரத்துலதான் அது இருக்குன்னு இப்ப எனக்குத் தெரியும்.