சிவப்பு விளக்கும் கோர்மக் டொலனும்

தோளில் ஏணியோடு கோர்மக் டொலன் நின்றுகொண்டிருப்பான். காலை ஆறு மணிக்குக் கட்டோனா அவென்யூவில் ஒரு வண்டி கிடையாது, ஒரு பூனைகூடக் கிடையாது. ஆனாலும் எதிரே சிவப்பு விளக்கு எரிகிறதே! பச்சை விழாமல் அவன் கால் நடைபாதையை விட்டு இறங்காது.

“டேய், பேசாம அந்த விளக்கையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துடா!” என்பான் பேட்சி, தன் மதுக்கடை வாசலைக் கழுவிக்கொண்டே.

“உன் பையில அமெரிக்கா பாஸ்போர்ட் இருக்கு, நீ துள்ளு. என்கிட்ட ஏணிதான் இருக்கு.”

1988 அக்டோபரில் ஆறு மாத விசாவில் அயர்லாந்தில் எங்கள் லீட்ரிமிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கு வந்தவன். கூரை வேலை. விசா முடிந்தும் தங்கிவிட்டது ஒன்றுதான் அவன் மீறிய சட்டம். அதற்கு ஈடுகட்டுவதுபோல மற்ற எல்லாவற்றுக்கும் அடங்கி நடப்பான். நூலகப் புத்தகத்தைக் கெடுவுக்கு முந்தின நாளே திருப்பிவிடுவான். போலீஸிடம் மாட்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பத்து வருஷம் திரும்ப முடியாது; தானாக ஊருக்குப் போனாலும் அதே கதிதான். தாயில்லாமல் அவன் வளர்த்த மகள் ஆர்லா இங்கே பிறந்தவள், இங்கே படிக்கிறாள்.

ஒரு முறை போலீஸ் வண்டி பக்கத்தில் வந்து நிற்க, பயத்தில் மூன்று பச்சைகளைக் கோட்டைவிட்டான்.

“என்னப்பா, எந்த நிறம் வந்தா போவே? எந்த ஊரு நீ?”

“இந்த ஊருதாங்க,” என்றான், அசல் லீட்ரிம் உச்சரிப்பில்.

“எங்க தாத்தாவும் இந்த ஊருதான். இதே மாதிரிதான் பேசுவாரு. போ, போ.”

2009 ஜனவரியில் அவன் அப்பா இறந்தார். ஊர் மாதா கோயிலின் கேமராவில் அடக்கப் பூசையை என் சமையலறைக் கணினியில் பார்த்தான். கறுப்புக் கோட்டு, கீழே வேலைக்குப் போடும் பூட்ஸ். அங்கே எல்லாரும் எழுந்தபோதெல்லாம் இவனும் எழுந்தான். முடிந்ததும் எங்கள் வழக்கப்படி எல்லாரும் வரிசையில் வந்து அவன் கையைக் குலுக்கினோம். வரிசை மாடிப்படிவரை நின்றது. பேட்சி மட்டும் இரண்டு முறை வந்தான்.

“அம்மா முன் பெஞ்சில தனியா உக்காந்திருந்தா, பாத்தீங்களா அண்ணே?” என்றான் கோர்மக். “அவளையாவது நான் நேர்ல பாக்கணும். கேமராவில வேண்டாம்.”

ஆர்லாவுக்கு இருபத்தொன்று ஆன மறுநாளே அப்பாவுக்குக் குடியிருப்பு அட்டை, அதாவது கிரீன் கார்டு, கேட்டு விண்ணப்பித்தாள்; சட்டம் அதற்கு வைத்த வயது அது. கோர்மக் விளக்குக் கம்பத்துக்கு இன்னும் ஒரு அடி பின்னால் நிற்க ஆரம்பித்தான். ஊரில் அம்மாவுக்கு எண்பத்தேழு நடந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் கையில் ஒரு உறையோடு வீட்டிலிருந்து வந்தான். ஏணி இல்லை. எதிர் வரிசையில் விமான டிக்கெட் விற்கும் கடை. அதன் கதவை இழுத்துப் பூட்டப்போகிறார்கள். விளக்கு சிவப்பு.

“டேய் கோர்மக்! சிவப்புடா!” என்று இந்த முறை அலறியது பேட்சிதான்.

கோர்மக் இறங்கி நடந்தான். லாரிக்காரன் ஒருவன் பிரேக் போட்டு ஹாரனை அழுத்தினான். நடுச் சாலையில் அவனுக்கு உறையை உயர்த்திக் காட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டாமலே போய்க் கடைக் கதவில் கை வைத்தான்.

குடியிருப்பு அட்டை தந்த அந்தக் கடிதம் வந்தது அன்றுதான், 2012 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.