அத்தேகே கொத்தில்ல!

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கில்லை... என் கோ-சிஸ்டர் மாலதிக்கு. அதாவது என் கொழுந்தன் ரவியின் மனைவி. ஓரகத்தி என்று சொன்னால் என்னவோ சண்டைக்காரி மாதிரி இருக்கிறது. பெங்களூரில் நாங்களெல்லாம் கோ-சிஸ்டர்தான்.

துணைக்கு ஒருவர் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் கண் மங்கும், கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் வேண்டும். ஆனால் போனது இரண்டு பேர். நானும் எங்கள் மாமியாரும். நம் வீடுகளில் யார் டாக்டரிடம் தனியாகப் போகிறார்கள், சொல்லுங்கள்?

மாலதிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் அக்கவுன்ட்ஸ் வேலை. ஸ்கிரீனில் மூன்று எது, எட்டு எது என்று தெரியவில்லை என்பாள். சாயங்காலம் கம்பெனி காரில் ஃப்ளைஓவர் மேல் வரும்போது எதிர் வண்டியின் லைட் ஒவ்வொன்றும் நாலைந்தாகத் தெரிகிறதாம். பெரிய டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டாள். கண்ணாடிக் கடைக்குத்தான் போவாள். பவர் மாறிவிட்டது என்று அவர்களும் சளைக்காமல் புதுக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். போன மாதம் கொதிக்கிற ரசத்தைப் பாத்திரத்துக்கு வெளியே ஊற்றிக் காலைச் சுட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் நான் கத்தினேன். "நீயா வர்றியா, இல்ல இழுத்துட்டுப் போகட்டுமா?"

வந்தாள்.

முதலில் ஒரு சின்ன டாக்டர் கேட்டார். "கண்ல முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"இல்ல."

ஏதேதோ மெஷினில் முகவாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பெரிய டாக்டரம்மா. அவரும் அதையே கேட்டார். "லேசர் மாடிஸித்ரா?"

"இல்ல மேடம்." இந்தத் தடவை இன்னும் அழுத்தமாக.

டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். "கருவிழி மேல கட் பண்ணின கோடு தெரியுதும்மா. சொன்னாத்தானே நான் ட்ரீட்மென்ட் கொடுக்க முடியும்?"

மாலதி ஒரு முறை மாமியாரைப் பார்த்தாள். சட்டென்று கன்னடத்துக்குத் தாவினாள். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் எவ்வளவோ கன்னடமும் அவ்வளவு. அத்தை வாணியம்பாடிப் பக்கம், புரியாது என்ற தைரியம்.

"மதுவேகே முஞ்சே லேசர் மாடிஸ்கொண்டித்தே, டாக்டர்... அத்தேகே கொத்தில்ல."

கல்யாணத்துக்கு முன்னால் லேசர் செய்துகொண்டேன், அத்தைக்குத் தெரியாது.

அடிப் பைத்தியமே! ரகசியம் பேசுகிறவள் இப்படியா பேசுவாள்? லேசர் எந்த பாஷையிலும் லேசர்தான். அத்தே இரண்டு பக்கமும் அத்தேதான். அதெல்லாம் போகட்டும், அத்தை ஈஜிபுராவில் என்னோடு இருக்கிறவர். கீரைக்காரம்மாவிடம் தினமும் கன்னடத்தில்தான் பேரம். படித்த மருமகள் முன்னால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சத்தில், அவளிடம் மட்டும் காட்டிக்கொண்டதில்லை.

அத்தை மடியில் இருந்த கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா விளக்கினார். லேசரில் கருவிழியைக் கொஞ்சம் மெலிதாக்கித்தான் பவரைப் போக்குகிறார்களாம். நிறையப் பேருக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. சிலருக்கு மட்டும் பல வருஷம் கழித்து அந்த மெலிந்த இடம் முன்னால் பிதுங்கத் தொடங்கும். கண்ணைக் கசக்கினால் இன்னும் மோசம். (இவளோ எரிச்சலுக்கு பாத்ரூமில் ஒளிந்துகொண்டு கசக்கியிருக்கிறாள்.) விட்டமின் சொட்டு விட்டு, ஒருவகை ஒளியைப் பாய்ச்சிக் கருவிழியை இறுக்கலாம். இருக்கிற பார்வையை அது காப்பாற்றும். போனது போனதுதான்.

"இடது கண்ணுக்கு உடனே செஞ்சுடலாம். வலதுல தழும்பு விழுந்துடுச்சு. பவர் மாற ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ரெண்டையும் நிறுத்தியிருக்கலாம். இனிமே அதுக்குக் கருவிழியே மாத்த வேண்டி வரலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை கேட்டார். "ஏம்மா மாலு, எதுக்கு மறைச்ச?"

மாலதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் அழுகை. "கண்ணாடி போட்ட பொண்ணு வேணாம்னு நீங்கதானே அத்தே சொன்னீங்க? புரோக்கர் வந்து சொன்னாரு. அதான் அப்பா உடனே கூட்டிட்டுப் போயி..."

"நானா? நான் எப்பம்மா சொன்னேன்?" அத்தையின் குரல் உயர்ந்தது. வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கண்ணாடியப் பத்தி ஒரு வார்த்த பேசலியே! என் புள்ளயே சோடாபுட்டி போட்டவன். நான் போயி அப்படிக் கேப்பனா?"

கேட்கவே இல்லை. புரோக்கர் தன் பாட்டுக்கு அள்ளிவிட்டது. எல்லா மாப்பிள்ளை வீடும் இப்படித்தான் கேட்கும் என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் மட்டும் எதிரில் இருந்திருந்தால்... வேண்டாம், பத்திரிகையில் எழுத முடியாது. கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்திலேயே மாலதி மறுபடி கண்ணாடி போட்டுவிட்டாள். வீட்டில் ஒரு முகம் சுளிக்கவில்லை. அத்தை ரவி வீட்டில் போய்த் தங்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுப்பார். அப்போதாவது இவள் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டால், அது எதற்காக என்பது மறந்துபோய், மறைப்பது மட்டும் பழகிவிடுகிறது. ரவிக்கு நான்தான் போனில் சொன்னேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றான்.

லேசர் செய்துகொண்டவர்களே, பயப்பட வேண்டாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். செய்துகொண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எங்களை மாதிரிக் கூட்டத்தை வெளியே உட்கார வையுங்கள்.

முந்தாநாள் மாலதியின் இடது கண்ணுக்குச் சிகிச்சை முடிந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் மூடி. இன்னும் சில நாள் தழும்பு விழுந்த அந்த வலதுதான் கதி. நேற்று பார்க்கப் போனோம். அத்தை எதிரே உட்கார்ந்து தயிர் சாதம் ஊட்டினார். சத்தமே இல்லாமல் அத்தையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என் மூஞ்சி தெரியுதாம்மா?"

மாலதி அந்த வலது கண்ணால் அத்தையையே பார்த்தாள்.

"நல்லா தெரியுது அத்தே. சிரிக்கிறீங்க."

"ஆமாம்மா" என்றார் அத்தை.