எல்லாரும் இறங்கிய தோணி

எண்ணூர்க் கழிமுகத்தில் அக்கரைக்குப் போகும் தோணியில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பும் பெண்கள். துறைச் சுவரில் முதல் பொதுத்தேர்தலின் சுவரொட்டி இன்னும் கிழியாமல் இருக்கிறது. தோணிக்காரர் மாணிக்கம் கழியை ஊன்றப் போகிறார்.

"செல்லம்மா வந்துகினு கீறா, நில்லு நைனா" என்கிறாள் என் பக்கத்திலிருக்கும் கன்னியம்மா. தூரத்து மணலில் ஒருத்தி ஓடி வருகிறாள். மாணிக்கம் முறைக்கிறார், ஆனாலும் நிறுத்துகிறார்.

"முன்னெல்லாம் இந்தாளு வச்சதுதான் சட்டம்" என்று அவர் காதில் விழும்படியே என்னிடம் சொல்கிறாள் கன்னியம்மா. "எதுத்துப் பேசுனா ஏத்த மாட்டாரு. கொயந்தைக்கு ஜொரம்னு ஓடியாந்தவ ஒருத்தி ஏதோ கேட்டுட்டானு, அவளையும் எறக்கி வுட்டாரு."

"அப்புறம்?"

"அவகூட நாங்க அல்லாரும் எறங்கிட்டோம். கரையிலயே குந்திகினோம். வெறும் தோணிய வச்சிகினு இன்னா பண்ணுவாரு? கொஞ்ச நேரத்துல அவரே வந்து கூப்ட்டாரு."

"பயமாக இல்லையா?"

"இல்லாம? ஒருத்தி கைய ஒருத்தி புடிச்சிகினுதான் குந்தினோம்" என்று சிரிக்கிறாள்.

செல்லம்மா மூச்சிரைக்க வந்து சேர்கிறாள். மாணிக்கம் குனிந்து அவள் கூடையை வாங்கி உள்ளே வைக்கிறார். "இப்பவாவது போலாமா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்கிறார். அவர்கள் தலையாட்டிய பிறகே தோணி நகர்கிறது.