செத்தவள் வைக்காத கையெழுத்து

செலீனுக்குப் பதினெட்டு வயதானபோது மன்னாரில் அவளுடைய பங்குக் கோவிலுக்கு வெஸ்லி ஹார்ன் என்ற அமெரிக்கன் வந்தான். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்தான். பின்னேரங்களில் கிற்றார் வாசித்துத் தன் நாட்டுக் கிராமத்துப் பாட்டுகளைப் பாடுவான். பங்குச் சுவாமியாரின் ரேப் றெக்கோடரில் அவற்றை ஒலிநாடாக்களில் பதிந்தபோது, மூன்று பாட்டுகளில் செலீனையும் கூடப் பாடவைத்தான். சுவாமியார் பக்கத்திலேயே இருந்தார். ஆனாலும் செலீனின் அண்ணன் அருமைராசா அவளை வீட்டுக்கு இழுத்துவந்து தலைமயிரை ஒட்ட வெட்டினான். பாட்டுப் பதிந்த அந்த ரேப்புகளையும் பறித்துக்கொண்டான். அதன்பிறகு கோவிலில்கூட அவளைப் பாட விடவில்லை.

ஹார்ன் அமெரிக்கா திரும்பிப் பெரும் புகழ் பெற்றான். அது தெரிந்துதானோ என்னவோ, கனடா வந்தபோது அருமைராசா ரேப்புகளையும் கொண்டுவந்தான்.

2006இல் செலீனும் கனடாவில்தான், டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலையில் இருந்தாள். ஹார்ன் செத்து இரண்டு வருடம். ஒரு ஞாயிறு தமிழ் ரேடியோவில் அண்ணனின் குரல்:

"ஹார்னின்ரை முதல் பாட்டுகள் என்னட்டைத்தான் இருந்தது. இப்ப சீடியா வரப்போகுது."

"கூடப் பாடுற பெட்டை ஆர், அண்ணை?" என்றான் ரேடியோக்காரன்.

"அது ஊர்ப் பெட்டை ஒண்டு. காய்ச்சலிலை செத்துப்போச்சு."

செலீன் அடுப்பை அணைத்தாள். மகள் ஜொய்சியைக் கூப்பிட்டாள். "அந்தச் சீடி போடுற கொம்பனிக்கு ரெலிபோன் அடி. செத்தவள் கதைக்கவேணுமாம் எண்டு சொல்லு."

கொம்பனிப் பெண் வீட்டுக்கே வந்து, செலீனைப் பாடச் சொல்லிக் கேட்டாள். நான்கு வரியில் நம்பிவிட்டாள். செலீன் சம்மதித்துக் கையெழுத்து வைக்காமல் அந்த மூன்று பாட்டும் வெளிவராது என்றாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே பக்கத்து நகரான லவாலிலிருந்து அருமைராசா ஓடிவந்தான்.

"தங்கச்சி, ஒரு கையெழுத்துத்தானே."

"பூசை முடியக் கோவில் ஹோலிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ அண்ணை, எனக்கு என்ன செய்தனீங்கள் எண்டு. பேந்து பாப்பம்."

சொன்னான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, மயிர் வெட்டியது, ரேப் பறித்தது, உயிரோடிருக்கிறவளைச் சாகடித்தது எல்லாம் சொன்னான். அவனுடைய பிள்ளைகள் தலை குனிந்திருந்தார்கள். செலீன் முன்வரிசையில் இருந்து கோப்பி குடித்தாள்.

வெளியே பேனையோடு வந்தான். "சொல்லிப்போட்டன். இனி வை."

"பாப்பம் எண்டுதானே சொன்னனான். பாத்திட்டன். வைக்கமாட்டன்."

மூன்று பாட்டும் இல்லாமலே சீடி வந்தது. அவற்றை மட்டும் தனிச் சீடியில் பதிந்து கொம்பனிப் பெண் செலீனுக்கு அனுப்பினாள். வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது ஜொய்சி அதைக் காரில் போட்டாள். தன் குரலைச் செலீன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"எவ்வளவு வடிவா இருக்கு அம்மா! மாமாவை மன்னிச்சிருக்கலாம்."

"இவ்வளவு வடிவாப் பாடினனான் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை," என்றாள் செலீன். "தெரிஞ்சிருந்தா அவனை அண்டைக்கு ஹோலிலை முழங்காலிலை நிப்பாட்டியிருப்பன்."