முத்திரையிட்ட பேரீச்சை மூட்டை

சென்ற வாரம் தாம்பரத்துப் பேரங்காடி ஒன்றில் பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தேன். நெகிழித்தாளின் வாடைதான் வந்தது. இந்த அகவையில் கடைக்குள் நின்று பொட்டலம் முகர்பவனைக் காவலாளி ஐயத்தோடு நோக்கினான். அவனைக் குறைகூற மாட்டேன்.

பேரீச்சைக்கென்று ஒரு மணம் இருந்தது, அன்பரே. சாக்கும் வெல்லப்பாகும் கலந்தது. அறுபதுகளின் இறுதியில், நான் தமிழ் விரிவுரையாளனாகப் புதிதாய்ச் சேர்ந்திருந்தபோது, தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே காசிம் பாயின் கடையைத் தெருமுனையிலேயே மூக்கு கண்டுகொள்ளும். எடைபோடுமுன் ஒரு பழத்தைப் பிளந்து, உட்புறத்தைக் காட்டுவது பாயின் வழக்கம்.

ஒருநாள் எனக்காகப் பிளந்த பழத்தில் புழு நெளிந்தது. அடுத்ததிலும் அவ்வாறே. "மூட்டையே பூடுச்சு சார்" என்று அதைக் குப்பையில் கொட்ட வாசலுக்கு இழுத்தார். அவ்வேளையில்தான் உணவு ஆய்வாளர் மிதிவண்டியில் வந்திறங்கினார். உணவுக் கலப்படத் தடைச் சட்டம் அப்போது இளமையானது. இளமைக்குரிய வேகமும் அதற்கு இருந்தது. மாதிரியை மூன்று புட்டிகளில் அடைத்து, மூட்டைக்கு அரக்கு முத்திரை வைத்து, என்னைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தார்.

"தூக்கிப் போடத்தான் சார் இஸ்துகினு வந்தேன். நீங்களே எடுத்துகினு போயிடுங்க. உள்ள நோம்புச் சரக்கு கீது, புழு பரவிடும்."

"ஆபீஸ்ல இடம் ஏது பாய்? உங்க பொறுப்புலயே இருக்கட்டும். சீல்ல கை வச்சீங்க, கேஸ் ரெண்டாயிடும்!"

கடையும் வீடும் ஒரே அறை. நோன்புக்கென வாங்கி அடுக்கிய மூட்டைகளே பாயின் அவ்வாண்டு வாணிகம். அவர் எறியவிருந்த புழுவை அவற்றின் நடுவே அரசு குடியமர்த்திச் சென்றது. முத்திரையை மதிக்கும் கல்வி புழுக்களுக்கு இல்லை. சாக்கின் இழைவழியே புறப்பட்டன. ஆய்வறிக்கைக்கு முன்னே பிறை வந்துவிட்டது. நோன்புச் சரக்கு முழுவதையும் பாய் குழிவெட்டிப் புதைத்தார்.

பின்னொருநாள் நான் கடையில் இருந்தபோது ஆய்வாளர் அறிக்கையோடு வந்தார்: 'உண்ணத் தகாதது.' மூட்டைக்குள் தூளும் கொட்டையுமே எஞ்சியிருந்தன. அவரோ அரக்கைத் தடவி மகிழ்ந்தார்.

"பாத்தீங்களா சார், சீல் உடையவே இல்ல!"

"துன்ன புழுவும் உள்ளதான் கீது. அதுக்கும் ஒரு சீல் வச்சிடுங்க," என்றார் பாய். தண்டமும் அவரே கட்டினார்.

அடுத்த முறை நான் பேரீச்சை கேட்டபோது, பழங்களை நேரே தராசில் இட்டார். நான் வழக்கம்போல் காத்து நின்றேன்.

"பொளந்தாத்தானே சார் புழு தெரியும்?" என்றார்.

அக்கடையிருந்த இடத்தில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். பேரங்காடிப் பொட்டலத்தில் உரிம எண்ணும் காலாவதி நாளும் அழகாக அச்சாகியிருந்தன. ஒன்றைப் பிளந்து காட்டுமாறு பணம் பெறும் பெண்ணிடம் கேட்க நாவெழுந்தது. காவலாளி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.