அக்காவின் இங்கிலிசுச் சொல்லும் சின்னம்மாவின் கலியாணமும்

சண்டை முடிந்து, மீளக் குடியேறித் தகரக் கொட்டில்களில் இருந்த காலம். பெரியம்மாவின் மகளை, என்னைவிட ஒரு வயது மூத்த அக்காவை, நானாட்டானுக்கு இங்கிலிசு வகுப்புக்கு அனுப்பினார்கள். என்னையோ தம்பியைப் பார்க்க ஆள் வேண்டுமென்று பள்ளிக்கூடத்திலிருந்தே மறித்துவிட்டார்கள். அவளுடைய சப்பாத்தைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

அந்த ஞாயிறு பூசையில் சின்னம்மாவின் கலியாண அறிவித்தல் முதல்தரம் வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்; தடை தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியிடம் சொல்லவேண்டும். மறுநாள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியடியில், சண்டைக்குள் மகன் காணாமல் போன ஒரு மனுசி தன் தண்ணீர்க் கானை நிலத்தில் வைத்துவிட்டு, வரிசையில் நின்ற சின்னம்மாவைக் காட்டிச் சொன்னாள்:

“அவள் என்ர மகன்ர பெண்சாதி. இயக்கத்துக்குப் பிள்ளை பிடிச்ச நேரம் அவன்தான் தாலி கட்டினவன்.”

அக்கா வரிசையை விட்டு முன்னுக்கு வந்தாள்.

“இதுக்கு இங்கிலிசில டிஃபமேஷன் எண்டு பேர். ஒருத்தரைப் பற்றி இல்லாததைச் சொல்லி அவற்ற பேரைக் கெடுக்கிறது. கோட்டில வழக்குப் போடலாம்.”

“என்னவாம் பிள்ளை? இன்னொருக்காச் சொல்லு,” என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

சொன்னாள். வசனத்தில் வைத்தும் சொன்னாள். பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள். நானும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்; நாக்குப் புரளவில்லை. அழுகை வந்தது.

சின்னம்மா மெல்லக் கேட்டார்: “உண்மையைச் சொன்னாலும் அந்தப் பேர்தானோ?”

“இல்லை சின்னம்மா. பொய்யெண்டாத்தான்.”

“அப்ப விடு. அவ பொய் சொல்லேல்ல.”

அக்காவின் முகம் சுருங்கியது. எனக்குள் கோயில் பெருநாள்.

அன்றே சின்னம்மா சுவாமியிடம் போனார். கலியாணம் கட்டினவர்களை இயக்கம் பிடிக்காது என்று அவசரத்தில் கட்டிய தாலி, ஒரு நாளும் சேர்ந்து வாழவில்லை, பிறகு அவனைக் காணவில்லை என்றாராம். அவன் செத்துவிட்டான் என்று யாரும் சாட்சி சொன்னால்தான் சுவாமி இன்னொரு கலியாணம் கட்டிவைப்பார்; அப்படிச் சொல்ல ஊரில் ஆளில்லை. தாயோ, வருவான் என்றே நின்றாள். அடுத்த ஞாயிறு சின்னம்மாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. சின்னம்மாவுக்குப் பேசியிருந்த பேசாலை ஊர் மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார்கள்.

இதையெல்லாம் இப்படி எழுதலாமோ என்று இப்போதும் எனக்கு யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகு பவுசர் வந்த நாளில் கண்டதைச் சொல்லவேண்டும். சின்னம்மா தன் கானை வைத்துவிட்டு அந்த மனுசியின் கானைத் தூக்கிக்கொண்டு அவளுடைய கொட்டில்வரை போனார். மனுசி பின்னால் நடந்தாள்.

“சின்னம்மா செய்தாவே, அதுக்கு இங்கிலிசில என்ன பேர்?” என்று அக்காவைக் கேட்டேன், அவள் முழிக்கட்டும் என்று.

“தெரியாது,” என்றாள்.

வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.